ஐம்பது அடி

(சூப்பர் 8 கேமராவில் முதன்முதலாகப் படம் எடுக்க விரும்புவோரிடையே ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முதலில் ஒரு சத்தத்தைக் கேளுங்கள். (கேமராவின் விசையை அழுத்துகிறார்.) நாலு வீடு தள்ளி யாரோ தையல் மிஷின் மிதிப்பதுபோல இருக்கிறதல்லவா? உள்ளே ஃபிலிம் இல்லை, வெறும் மோட்டார்தான் ஓடுகிறது. ஃபிலிம் போட்டு இதே விசையை அழுத்தினால், ஒவ்வொரு வினாடியும் என் கையிருப்பிலிருந்து பதினெட்டுப் படங்கள் போய்க்கொண்டே இருக்கும். போனது திரும்பாது.

இந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பெயர் கார்ட்ரிட்ஜ். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உள்ளே 50 அடி நீளத்துக்கு 8 மில்லிமீட்டர் அகலப் படச்சுருள் இருக்கிறது. அடிக்கு 72 படம், மொத்தம் 3,600 படம். வினாடிக்கு 18 என்று ஓட்டினால் 3 நிமிடம் 20 வினாடி, 24 என்று ஓட்டினால் இரண்டரை நிமிடம். இங்கே புதிதாக வந்திருப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். கேமரா எது, லென்ஸ் எது என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். இருநூறு வினாடிக்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று விசையை அழுத்துமுன் முடிவுசெய்யப் பழகுவதுதான் இந்தக் கலையின் தொடக்கம் என்று நான் நினைக்கிறேன். இன்று சொல்லப்போகும் மற்ற எல்லாமே அதற்குத் துணை நிற்பவை.

என் முதல் கார்ட்ரிட்ஜைப் பற்றிச் சொல்கிறேன்.

என் சித்தப்பா பினாங்கில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் வெளிநாட்டுச் சபரிலிருந்து திரும்பும்போது டிரான்சிஸ்டர், கடிகாரம், நைலான் சேலை இவற்றோடு ஒரு கேனான் சூப்பர் 8 கேமராவும் கொண்டுவந்தார். ஓரிரு முறை பயன்படுத்தியிருப்பார். பிறகு அது பீரோவில் தூங்கியது. 2009-இல் அது என் கைக்கு வந்தது. புது பேட்டரி போட்டேன், மோட்டார் ஓடியது. அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். ஒரு கறுப்பு வெள்ளை ட்ரை-எக்ஸ் கார்ட்ரிட்ஜ் வரவழைத்து, ஊருக்குப் போய் அப்பத்தாவைப் படம் எடுத்தேன். முற்றத்தில் நல்ல வெயில். அப்பத்தா வற்றல் காயப்போட்டது, காக்கை விரட்டியது, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தது என்று ஏறக்குறைய முழுச் சுருளையும் அந்த வெயிலிலேயே செலவழித்தேன். கடைசியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை வீணாக்க வேண்டாமே என்று இருட்டான அடுப்படிக்குள் போய், அப்பத்தா அடுப்பு முன் குந்தியிருந்ததைப் பின்னாலிருந்து எடுத்து முடித்தேன்.

சுருளை வெளிநாட்டுக்கு அனுப்பி ஏழு வாரம் காத்திருந்தேன். வந்தது. முற்றத்தில் எடுத்ததெல்லாம் கண்ணாடிபோல வெளுத்துக் கிடந்தது. காரணம் பிற்பாடுதான் புரிந்தது. அந்தக் கேமராவில் மோட்டாருக்கு ஒரு பேட்டரி, ஒளியை அளக்கும் மீட்டருக்கு வேறொரு சின்னப் பொத்தான் பேட்டரி. இரண்டாவது ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அது செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. மீட்டருக்கு உயிர் இல்லாததால் லென்ஸின் கண் முழுக்கத் திறந்தபடியே நின்றுவிட்டது. வெயிலில் அது படத்தைச் சுட்டுவிட்டது. ஆனால் இருட்டு அடுப்படிக்கு அந்தத் திறப்புதான் சரியான அளவு. ஆகவே மூன்று நிமிடம் இருபது வினாடியில் கடைசிப் பதினொரு வினாடி மட்டும் பிழைத்தது. அடுப்பு வெளிச்சம், கூரை ஓட்டிலிருந்து இறங்கும் ஒரு கீற்று, அதில் சுழலும் புகை, அப்பத்தாவின் முதுகு, கழுத்தில் சரிந்த கொண்டை. ஒரு தடவை ஊதுகுழலை எடுத்து ஊதுகிறார்கள். தோள்பட்டை எலும்பு இரண்டும் ஏறி இறங்குகின்றன. அவ்வளவுதான்.

அடுத்த முறை போனபோது ப்ரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு போய், சுண்ணாம்புச் சுவரில் போட்டுக் காட்டினேன். அப்பத்தா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இது எங்க ஆத்தால்ல? நீ எப்புட்றா எங்க ஆத்தாளப் புடிச்ச?" என்று கேட்டார்கள். எண்பத்து மூன்று வயதுவரை தன் முதுகைத் தான் பார்த்ததில்லை. யார்தான் பார்த்திருக்கிறோம்? தன் தாயின் முதுகைப் பார்த்திருக்கிறார்கள், அதே அடுப்பு முன்னால். அன்றைக்கு முடிவுசெய்தேன், இதை விடக்கூடாது என்று.

இந்தச் சின்ன ஃபிலிம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சினிமாவின் தொடக்கக் காலத்தில் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது, சட்டென்று தீப்பற்றும். வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. 1922-இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. சுருளைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கோடாக் 16 மி.மீ. ஃபிலிமைக் கொண்டுவந்தது, எளிதில் தீப்பிடிக்காத அசிடேட்டில். 1932-இல், அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக்கிடந்த நேரத்தில், செலவைக் குறைக்க 8 மி.மீ. வந்தது. 16 மி.மீ. சுருளையே பாதி அகலத்தில் ஒரு முறை, திருப்பிப் போட்டு மறுபாதியில் ஒரு முறை ஓட்டி, கழுவிய பிறகு நடுவே கிழித்துக்கொள்வார்கள். கையால் நூல் கோப்பதுபோல ஃபிலிம் மாட்டும் இந்தச் சிரமத்தை ஒழிக்க 1965-இல் கோடாக் கொண்டுவந்ததுதான் சூப்பர் 8. ஓரத் துளைகளைச் சிறிதாக்கியதால், அதே அகலத்தில் படத்துக்குக் கிடைத்த இடம் ஏறக்குறைய பாதிப் பங்கு கூடியது. கார்ட்ரிட்ஜைச் செருகிக் கதவை மூடினால் வேலை முடிந்தது. எண்பதுகளில் வீடியோ வந்து இதைக் கல்யாண வீடுகளிலிருந்தும் பிறந்தநாள்களிலிருந்தும் துரத்திவிட்டது. ஆனாலும் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பு நிற்கவில்லை. நீங்கள் பிறப்பதற்கு முன் செய்த கேமராவில் சென்ற மாதம் செய்த ஃபிலிமைப் போட்டு ஓட்டலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இனி கேமரா. 2016-இல் கோடாக் புது சூப்பர் 8 கேமரா ஒன்றை அறிவித்தது. கடைக்கு வர ஏறக்குறைய எட்டு ஆண்டு ஆயிற்று. விலையும் நம் கைக்கு எட்டாதது. எனவே நமக்குப் பழைய கேமராதான். கேனான், நிசோ, பவுர், எல்மோ, சினான் என்று எத்தனையோ பெயர்கள் உண்டு. பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். நல்ல நிலையில் உள்ள சாதாரணக் கேமரா, பழுதான பெரிய கேமராவைவிட மேல்.

வாங்கும்போது பேட்டரி அறையை முதலில் திறங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் பழைய பேட்டரி உள்ளேயே கசிந்திருக்கிறது என்று பொருள். லேசான பூப்பு என்றால் வினிகரில் தோய்த்த பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம். தகடே தின்னப்பட்டிருந்தால் வேண்டாம். பிறகு பேட்டரி போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் ஒரே சீராக இருக்கவேண்டும். இழுத்து இழுத்து ஓடினால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. அடுத்து லென்ஸின் முன்பக்கத்தைப் பார்த்தபடி கேமராவை நிழலிலிருந்து வெளிச்சத்துக்குத் திருப்புங்கள். உள்ளே இருக்கும் கண் சுருங்கவேண்டும், பூனைக் கண் சுருங்குவதுபோல. சுருங்காவிட்டால் மீட்டர் வேலை செய்யவில்லை. இதை 2009-இல் எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால் அப்பத்தாவின் முற்றமும் என்னிடம் இருந்திருக்கும்.

அந்தப் பொத்தான் பேட்டரியைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்நாளில் அவை பாதரசத்தில் செய்தவை, 1.35 வோல்ட். சுற்றுச்சூழல் காரணமாக அவற்றை நிறுத்திவிட்டார்கள். அதே அளவில் இன்று கடையில் கிடைப்பது 1.5 வோல்ட். மீட்டர் தப்பாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிறார்களே, 675 என்ற எண் போட்ட சின்ன பேட்டரி, அது ஏறக்குறைய அதே அழுத்தம் தரும். கொஞ்சம் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வைத்து இறுக்கவேண்டும். மருந்துக் கடையிலேயே கிடைக்கும். எல்லாக் கேமராவுக்கும் இது தேவையில்லை. பல கேமராக்களில் பென்சில் பேட்டரியே இரண்டு வேலையையும் பார்க்கும். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ஃபிலிம் வாங்காதீர்கள்.

நம் கடற்கரை ஊர்களில் இன்னொரு எதிரி பூஞ்சை. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஃபிலிமைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது. ஆனால் வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரிக்கக்கூடாது. சில மணி நேரம் அப்படியே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்கவேண்டும். இல்லாவிட்டால் சுருள்மேல் வியர்த்துவிடும்.

ஃபிலிமில் இரண்டு குடும்பங்கள். ஒன்று நெகட்டிவ், இன்னொன்று ரிவர்சல். ரிவர்சலைக் கழுவினால் நேரடியாகவே படம் வரும், ப்ரொஜெக்டரில் மாட்டிப் பார்க்கலாம். நெகட்டிவ் தலைகீழ் நிறத்தில் இருக்கும். அதை ஸ்கேன் செய்து கணினியில்தான் பார்க்கமுடியும். முதல் கார்ட்ரிட்ஜுக்குப் பகல் வெளிச்சத்துக்கான கோடாக் விஷன்3 50டி நெகட்டிவைச் சொல்வேன். பழைய கேமராக்கள் பலவற்றுக்கு இன்றைய ஃபிலிம்களின் வேகம் தெரியாது. அவை கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் உள்ள வெட்டைத் தொட்டுப் பார்த்துத் தமக்குத் தெரிந்த அளவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். பழைய காலத்தில் பெரும்பாலும் 40, 160 என்று இரண்டே அளவுதான். 50-ஐ 40 என்று எண்ணிக்கொண்டால் வெளிச்சம் கொஞ்சம் கூடும். நெகட்டிவ் அதைத் தாங்கிக்கொள்ளும், படம் இன்னும் அழகாகவே வரும். ரிவர்சலுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கேமராவின் பக்கவாட்டில் சூரியன், பல்பு என்று இரண்டு குறி போட்ட ஒரு சிறு விசை இருக்கும். இதில் சறுக்காதவர்கள் குறைவு. அந்தக் காலத்து கலர் ஃபிலிம் விளக்கு வெளிச்சத்துக்காகச் செய்தது. வெயிலில் எடுத்தால் நீலம் பூத்துவிடும் என்பதால் கேமராவுக்குள்ளேயே ஓர் ஆரஞ்சு ஃபில்டர் வைத்தார்கள். சூரியன் என்றால் ஃபில்டர் உள்ளே, பல்பு என்றால் ஃபில்டர் வெளியே. நீங்கள் 50டி போட்டிருந்தால் அது ஏற்கெனவே பகலுக்கானது, ஃபில்டர் வேண்டாம். ஆகவே உச்சி வெயிலில் நின்றாலும் விசை பல்பில்தான் இருக்கவேண்டும்.

சந்தையில் பழைய கார்ட்ரிட்ஜ் மலிவாகக் கிடைக்கிறது என்று கோடாக்ரோமை வாங்கிவிடாதீர்கள். 1935-இல் முதன்முதலாக 16 மி.மீ. சினிமா ஃபிலிமாகவே வந்த அற்புதமான நிறம் அது. ஆனால் அதைக் கழுவும் முறை தனி. உலகத்தில் அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30-ஓடு அதுவும் கோடாக்ரோமை ஏற்பதை நிறுத்திவிட்டது. இனி அதிலிருந்து நிறத்தை எடுக்க வழியில்லை.

இப்போது எடுப்பதற்கு வருவோம். கார்ட்ரிட்ஜை வாங்கி வைத்துவிட்டு ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். வெறும் கேமராவோடு நடங்கள். பார்ப்பதையெல்லாம் விசையை அழுத்தி 'எடுங்கள்'. கண்வைக்கும் துளையைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி உங்கள் பார்வைக்கு ஏற்ப முதலில் சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் எவ்வளவு கவனமாக ஃபோகஸ் பிடித்தாலும் படம் மங்கும். ஃபோகஸுக்கு ஸூமை முழுக்க உள்ளே இழுத்து, முகத்தில் கூர்மையைப் பிடித்து, பிறகு வேண்டிய அளவுக்கு வெளியே வரவேண்டும். வெளியே வந்த பிறகு எடுப்பதே நல்லது. ஸூம் செய்துகொண்டே எடுப்பது தொடக்கக்காரர் எல்லாருக்கும் வரும் ஆசை. ஒரு சுருளுக்காவது அதை அடக்குங்கள்.

ஃபோனில் இருப்பதுபோல ஆட்டத்தை அடக்கும் வசதி இதில் கிடையாது. முழங்கை இரண்டையும் விலாவில் ஒட்டவைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி எடுங்கள். சுவரோ தூணோ கிடைத்தால் சாய்ந்துகொள்ளுங்கள். 1963 நவம்பரில் டல்லாஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதை 8 மி.மீ. கேமராவில் பிடித்தவர் ஏப்ரகாம் ஸப்ரூடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர். ஊர்வலம் நன்றாகத் தெரிய ஒரு கான்கிரீட் மேடைமேல் ஏறினார். உயரத்தில் நின்றால் அவருக்குத் தலைசுற்றும். அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் பின்னால் நின்று அவரைப் பிடித்துக்கொண்டார். 26 வினாடிச் சொச்சம், 486 படங்கள். கண் முன்னால் அப்படி ஒன்று நடக்கும்போதும் அவர் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. உலகமே திரும்பத் திரும்பப் பார்த்த அந்தப் படத்துக்குப் பின்னால், சட்டகத்துக்கு வெளியே, அவரைத் தாங்கிய இரண்டு கைகள் இருந்தன. நீங்கள் எடுக்கப் போகும்போது ஒரு நண்பரைக் கூட்டிப்போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இருநூறு வினாடியை எப்படிப் பங்கிடுவது? ஒரு ஷாட்டுக்கு எட்டு வினாடி என்றால் 25 ஷாட். எட்டு வினாடி குறைவு என்று தோன்றும். மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள், ஒருவர் வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து முகம் துடைக்க அது தாராளம். முதல் சுருளை வெட்டி ஒட்டும் எண்ணமே இல்லாமல், எந்த வரிசையில் பார்க்கவேண்டுமோ அந்த வரிசையிலேயே எடுங்கள். ஒரு தாளில் வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜைப் பின்னோக்கிச் சுற்ற முடியாது. தப்பாகிப்போன ஷாட் படத்தில் அப்படியே இருக்கும். அதற்கு அடுத்த ஷாட்டைக் கொண்டுதான் அதைச் சரிக்கட்டவேண்டும். அந்த யோசனை எந்த எடிட்டிங் மேசையும் கற்றுத் தராத பாடம்.

லண்டனில் 1999-இல் தொடங்கிய 'ஸ்ட்ரெயிட் 8' என்ற போட்டி முழுக்க இந்த ஒரே விதியின்மேல் நிற்கிறது. ஆளுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ். கேமராவுக்குள்ளேயே எடிட்டிங். கழுவாத சுருளையும் தனியாகச் செய்த ஒலியையும் அனுப்பிவிட வேண்டும். தன் படத்தையே பார்க்காமல் அதற்கு இசை அமைத்திருப்பார்கள். எடுத்தவர் தன் படத்தை முதன்முதலாகப் பார்ப்பது ஊரோடு சேர்ந்து, திரையரங்கில்தான். அந்தப் படங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒலியும் படமும் அரை வினாடி விலகி ஓடும் இடங்களில்கூட அவற்றில் ஒரு துணிச்சல் இருக்கிறது.

"எனக்குக் கதை இல்லையே" என்று சிலர் சொல்வீர்கள். கதை என்ன, ஜோனாஸ் மேகாஸ் என்ற படக்காரரிடம் நேரமே இல்லை. லித்துவேனியாவில் பிறந்து, போரில் இடம்பெயர்ந்து, 1949-இல் நியூயார்க்கில் வந்து இறங்கியவர். வந்த சில வாரத்திலேயே கடன் வாங்கி ஒரு 16 மி.மீ. பொலெக்ஸ் கேமரா வாங்கினார். உண்மையான படம் எடுக்க ஒருநாள் ஓய்வு கிடைக்கும், அதுவரை கை பழகட்டும் என்று அன்றன்று பத்து வினாடி, அரை நிமிடம் எடுத்துவந்தார். பனி, நண்பர் வீட்டு விருந்து, பூங்காவில் ஒரு குழந்தை. வருடங்கள் கழித்து எடுத்துப் பார்த்தபோதுதான் பயிற்சி என்று நினைத்ததே தன் படம் என்று கண்டுகொண்டார். 1969-இல் வந்த 'வால்டன்' அப்படிச் சேர்ந்த மூன்று மணி நேரம்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய காலத்துச் சாயல், புள்ளி புள்ளியான மணல் போன்ற அந்தத் தோற்றம் மட்டும் போதும் என்றால் ஃபோனிலேயே அதற்கு வசதி இருக்கிறது. இவ்வளவு காசு செலவழிக்க வேண்டாம். சூப்பர் 8 தருவது வேறு. கழுவி வரும்வரை உங்களிடம் படம் இல்லை, நினைவு மட்டும்தான் இருக்கிறது. எடுத்ததை உடனே பார்த்து அழித்து மறுபடி எடுக்கும் பழக்கம் நம் கண்ணைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுருள் முடியும்போது கார்ட்ரிட்ஜின் சின்னச் சன்னலில் 'எக்ஸ்போஸ்டு' என்ற சொல் ஃபிலிமின் மேலேயே தெரியும். அதைப் பார்த்தபின் எடுத்து, அதே உறையில் போட்டு, என்ன ஃபிலிம், என்ன தேதி என்று எழுதி, கூடிய சீக்கிரம் லேபுக்கு அனுப்புங்கள். விமானத்தில் நீங்களே எடுத்துப்போனால் கைப்பையில் வைத்து, எக்ஸ்ரேயில் போடாமல் கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். சோவியத் காலத்து லோமோ தொட்டிகள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. ஐம்பது அடியை இருட்டில் அவற்றின் சுருள்வட்டத்துக்குள் ஏற்றப் பெரிய பொறுமை வேண்டும். அதற்குத் தனியாக ஒருநாள் உட்காரலாம்.

மணி நாலரை ஆகப்போகிறது. வெளியே தாழ்வாரத்தில் இப்போது சாய்ந்த வெளிச்சம், இன்னும் அரைமணி நேரம்தான் நிற்கும். இந்தக் கேமராவில் நான் பாதியில் விட்ட ஒரு சுருளை மாட்டப்போகிறேன். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துவிட்டு மறுபடி போட்டால் ஓடிய அடியைக் காட்டும் எண்ணி பூஜ்யத்துக்குப் போய்விடும் என்பதால், எவ்வளவு ஓடியது என்று உறைமேல் பென்சிலால் குறித்துவைப்பேன். இதில் 42 என்று எழுதியிருக்கிறேன். எட்டு அடி மிச்சம். முப்பத்திரண்டு வினாடி. ஷாட்டுக்கு எட்டு வினாடி, நாலு பேர் எடுக்கலாம். இதுவரை ஃபிலிம் கேமராவைக் கையில் தொடாதவர்கள் முதலில் வாருங்கள். கண்ணாடி போட்டிருக்கிறவர்கள் துளை வளையத்தைச் சரிசெய்ய மறக்க வேண்டாம். விசை பல்பில் இருக்கிறதா என்று நான் பார்த்துவிட்டேன், நீங்களும் ஒருமுறை பாருங்கள்.